பெர்க்லி சிறுகாரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருதல்: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பெர்க்லி காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே பேட்டரியை மாட்டி, எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். என் முதல் காரில் நானும் அதையேதான் செய்தேன். வேறு கார்களில் பெரிதாகப் பாதிக்காத இந்த அவசரம் பெர்க்லியில் பணத்தையும் மாதங்களையும் விழுங்கிவிடும். எஞ்சின், சக்கரங்கள், பிரேக் பெடல் என அனைத்தையும் இந்தக் காரில் தாங்கி நிற்பது இரும்புச் சட்டம் அன்று. ஃபைபர் பாடியே சட்டம். பாடி தளர்ந்திருக்கையில் எஞ்சினைச் சரிசெய்தால், பின்னர் பாடியைப் பிணைப்பதற்காக அதே எஞ்சினை மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும்.

ஆகவே பாடி முதலில். அதன் பிறகு சக்கரங்களும் பிரேக்கும், ஒயரிங், பெட்ரோல் வழி, எஞ்சின், செயின், இறுதியாகச் சாலை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இடம் மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. கையில் இருப்பது எந்த மாடல் என்று உறுதிசெய்க

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் பிகிள்ஸ்வேட் என்ற ஊரில் கேரவன் கட்டிவந்த பெர்க்லி நிறுவனம், லாரி பாண்ட் வடிவமைத்த இந்தக் காரை 1956 முதல் 1960 வரை தயாரித்தது. அந்தக் குறுகிய காலத்திலேயே எஞ்சின் பலமுறை மாறியது. எந்த எஞ்சின் என்று தெரியாமல் உதிரிபாகம் தேட முடியாது.

எஸ்ஏ322 மாடலில் பிரிட்டிஷ் அன்சானியின் 322 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் உள்ளது. எஸ்இ328-இல் எக்செல்சியர் டாலிஸ்மன் 328 சிசி இரட்டைச் சிலிண்டர்; எஸ்இ492-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த 492 சிசி மூன்று சிலிண்டர். இவை மூன்றும் இரண்டு ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலில் கலந்த ஆயிலாலேயே உராய்வு தணியும் வகை. மூன்று சக்கர டி60 மாடலிலும் 328 சிசி எஞ்சினே வருகிறது. 1959-இல் வந்த பி95, பி105 மாடல்களில் மட்டும் ராயல் என்ஃபீல்டின் 692 சிசி நான்கு ஸ்ட்ரோக் இரட்டைச் சிலிண்டர் உள்ளது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு திருவொற்றியூர் புல்லட் நினைவுக்கு வரும். பெயர்தான் ஒன்று, புல்லட் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் உதிரிபாகங்களை நம்பி இந்த எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

மாடலை விற்பவரின் வாய்மொழியிலிருந்து முடிவுசெய்யக் கூடாது. சேஸிஸ் எண் பலகையையும் எஞ்சின் எண்ணையும் நேரில் பார்த்து, பதிவுச் சான்றான வி5சி-யில் உள்ளவற்றோடு ஒப்பிடுக. இந்தக் கார்களில் பலவற்றில், குறிப்பாக டி60-இல், இடையில் யாரோ மினி எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். 40 ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கு பிரிட்டனில் எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து கிடைக்கும் விலக்கு, அடிப்படையில் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கே உரியது. எனவே சிலிண்டர் எண்ணிக்கையே மாறியிருக்கும் காரை வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

2. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

முதல் தேவை இடம். கார் ஏறத்தாழ 300 கிலோ எடையே உள்ளது, நீளமும் குறைவு. ஆனாலும் நான்கு பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளி இல்லாமல் பாடி வேலை செய்ய முடியாது. தரை சமமாக இருக்க வேண்டும். அறையின் வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வழி இருக்க வேண்டும்; ஃபைபரை ஒட்டும் பிசினான ரெசின் குளிரில் முழுமையாக இறுகாது. இங்கிலாந்தில் இதன் பொருள், பாடி வேலையை மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் வைத்துக்கொள்வது என்பதுதான்.

இரண்டாவது, அந்த மாடலுக்கான கையேடு. எஞ்சின் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), பாயிண்ட் (திறக்கும்போது அந்தப் பொறியை எழுப்பும் தொடுமுனை) இடைவெளி, கார்பரேட்டர் ஜெட் அளவு ஆகியவற்றை நினைவிலிருந்தோ பிறர் சொல்லியோ வைக்கக் கூடாது. பெர்க்லி ஆர்வலர் சங்கத்தில் முதலிலேயே சேர்ந்துவிடுவது நல்லது. கையேட்டுக்கும் அரிதான பாகங்களுக்கும் வழி அங்கேதான் திறக்கிறது.

மூன்றாவது, அங்குல அளவு ஸ்பானர்கள். 1950-களின் பிரிட்டிஷ் வண்டியில் மில்லிமீட்டர் ஸ்பானரை ‘ஏறக்குறைய பொருந்துகிறது’ என்று போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கும். அலுமினியத்தில் பதிந்த பழைய போல்ட்டை மழுங்கச் செய்துவிட்டால், அதை எடுப்பதே ஒரு வாரத்து வேலை.

ரெசின் வேலைக்கு, தூசியையும் கரிம ஆவியையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைச் சாதாரணத் துணி முகமூடி தடுக்காது.

3. தூக்கி நிறுத்துதல்

தனிப் பிரிவாக எழுதும் அளவுக்கு இதில் சேதம் நடக்கிறது. தூக்குவதற்கு முன் அடுத்த பிரிவிலுள்ள கதவு இடைவெளிச் சோதனையை முடித்துவிடுக. எனக்கு உதவ வந்த தம்பி ஒருவர், ‘சின்ன வண்டிதானே அண்ணே’ என்று சொல்லிக்கொண்டே தள்ளு ஜாக்கியைத் தளத்தின் நடுவில் வைத்து நான்கே முறை அழுத்தினார். மெல்லிய மரப்பலகை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜாக்கித் தட்டின் வட்டம் அப்படியே தளத்தில் வெண்மையாகப் பதிந்திருந்தது. அந்த வட்டத்தைப் பழுதுபார்க்க இரண்டு வார இறுதிகள் ஆயின.

ஃபைபர் தளம் பரவலான சுமையைத் தாங்கும். ஒரு புள்ளியில் குவியும் சுமையைத் தாங்காது. எனவே சஸ்பென்ஷன் பாடியோடு சேரும், வலுவூட்டப்பட்ட இடங்களின் கீழ் மட்டுமே தூக்க வேண்டும். அங்கும் ஒரு அடி நீளப் பலகையை இடையில் வைக்க வேண்டும். இதைவிட எளிய வழி, முன்பக்கம் இருவர், பின்பக்கம் இருவர் நின்று கையால் தூக்கித் தாங்கிகளில் வைப்பது. இதைச் செய்ய முடிகிற கார்கள் உலகில் அதிகம் இல்லை; கிடைத்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

4. பாடியைச் சோதித்தல்

பெர்க்லியின் பாடி மூன்று பெரிய ஃபைபர் வார்ப்புகளால் ஆனது: தளம், மூக்கு, வால். இவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, அலுமினியத் தடுப்புகளால் வலுவூட்டியிருக்கிறார்கள். கேடு பெரும்பாலும் வார்ப்பின் நடுவில் இருக்காது. ஒட்டிய விளிம்பிலும், உலோகம் ஃபைபரைச் சந்திக்கும் இடத்திலுமே இருக்கும்.

காரைத் தூக்குவதற்கு முன், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே முதல் சோதனையைச் செய்ய வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து, மறைப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் எண்ணை எழுதுக. பிறகு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து மறுபடியும் அளக்க வேண்டும். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் தளம் வளைகிறது என்று பொருள். பாடிக்குப் புது வண்ணம் பூசி விற்கிறவரால் மறைக்க முடியாத ஒரே சோதனை இதுதான் என்பது என் கருத்து. டேப்பைக் கிழித்துவிட வேண்டாம், இறுதியில் தேவைப்படும்.

அடுத்தது நாணயச் சோதனை. ஒரு நாணயத்தின் விளிம்பால் பாடியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகவும். நல்ல ஃபைபர் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல மந்தமாக ஒலிக்கும். மந்தமான ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் வட்டமிடுக. எஞ்சின் தாங்கிகள், முன் விஷ்போன்கள் (சக்கரத்தைத் தாங்கும் கவட்டை வடிவக் கைகள்) பிடிக்கும் இடம், பின் ஊசல் அச்சின் மூட்டு, கதவுக் கீல், இருக்கை போல்ட் ஆகியவற்றைச் சுற்றி இரட்டைப் பொறுமையுடன் தட்ட வேண்டும். டி60-இல், ஒற்றைப் பின் சக்கரத்தின் கை பாடியோடு சேரும் இடத்துக்கே முதல் கவனம்; அந்தச் சக்கரத்தின் முழுச் சுமையும் முறுக்கும் அங்கே வந்து விழுகின்றன.

நட்சத்திர வடிவ விரிசல்களைக் கண்டு பதற வேண்டியதில்லை. மேல்பூச்சு மட்டும் வெடித்திருந்தால் விரிசலின் மறுபக்கம் சுத்தமாக இருக்கும். மறுபக்கத்திலும் வெண்கோடு ஓடினால் அது கட்டுமான விரிசல்.

அலுமினியத் தடுப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால், இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து அரித்துக்கொண்டிருக்கின்றன. ஃபைபருக்குள் புதைந்த இரும்புத் தாங்கி துருப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம்: துரு பருத்து, அடுக்குகளை உள்ளிருந்தே பிளந்துவிடும். வெளியே வீக்கமாகத் தெரிவது இதுதான்.

5. பாடியைப் பிணைத்தல்

இந்த வழிகாட்டியின் பாதி இங்கேதான் இருக்கிறது.

முதலில் எஞ்சினையும் செயின் பாகங்களையும் இறக்கி, பாடியிலிருந்து சுமையை எடுத்துவிட வேண்டும். பின்னர் சமதளத்தில் நான்கு மூலைகளிலும் தாங்கி வைத்து, முன் வலப்பக்கத்திலிருந்து பின் இடப்பக்கத்துக்கும், முன் இடப்பக்கத்திலிருந்து பின் வலப்பக்கத்துக்கும் ஒரே வகைப் போல்ட் துளைகளுக்கு இடையே மூலைவிட்டம் அளக்க வேண்டும். இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துவரும்வரை தாங்கிகளின் அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்வேன். அதன் பிறகே வெட்டத் தொடங்குவேன். பாடி வளைந்த நிலையில் ரெசின் இறுகிவிட்டால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பின்னர் செயின் ஏன் ஒரு பக்கமாகவே தேய்கிறது என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே நேரத்தில் ஒரு பழுதை மட்டும் திறக்க வேண்டும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால், எது சரியான நிலை என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

பிரிந்த அடுக்குகளை முழுவதுமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, நல்ல ஃபைபரின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அடுக்கு 3 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சரிவு குறைந்தது 35 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். செங்குத்தான விளிம்போடு ஒட்டினால், ஒட்டு முழுவதும் ஒரு கோட்டில் நிற்கும்; அந்தக் கோட்டிலேயே மறுபடியும் பிளக்கும். பரப்பு அகலமாக இருந்தால் சுமை பரவும்.

தேய்த்த பின் அசிட்டோனால் துடைத்து, ஒரு நாளாவது உலரவிடுக. பல்லாண்டுகளாகப் பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஊறிய எஞ்சின் அறையில் ஒருமுறை துடைப்பது போதாது. வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் புதிய அடுக்கு காய்ந்த தோலைப்போல உரிந்து வரும்.

எந்த ரெசின் என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஃபைபரோடு ஃபைபரை மட்டும் ஒட்டும் இடங்களில் பாலியெஸ்டர் ரெசினும் வெட்டு இழைப் பாயும் (துண்டு துண்டான கண்ணாடி இழைகளாலான பாய்) போதும். அலுமினியத்தோடு ஒட்ட வேண்டிய இடங்களில் எப்பாக்ஸி ரெசினும் நெய்த கண்ணாடித் துணியும் வேண்டும். பாலியெஸ்டர் உலோகத்தைச் சரியாகப் பிடிக்காது. சாதாரண வெட்டு இழைப் பாயை எப்பாக்ஸியோடு பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அந்தப் பாயின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது கரையாமல் விறைப்பாகவே நிற்கும். பழைய பாலியெஸ்டரின் மேல் எப்பாக்ஸி நன்றாக ஒட்டும். இறுகிய எப்பாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் நம்பகமாக ஒட்டாது. எனவே ஓர் இடத்தில் எப்பாக்ஸியைத் தொட்டுவிட்டால் அங்கே அதையே தொடர வேண்டும்.

பாலியெஸ்டருக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனரின் அளவு எடையில் 1 முதல் 2 விழுக்காடு. 100 கிராம் ரெசினுக்கு 2 கிராமுக்கு மேல் போகாதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் கலவை கிண்ணத்திலேயே புகைந்து இறுகும். பாடியில் இறுகினாலும் எளிதில் நொறுங்கும். கண்ணளவில் ஊற்றாமல் சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒவ்வொரு பாயையும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளை ஓட்டிய பின்னரே அடுத்ததை வைக்க வேண்டும். குமிழி மிஞ்சினால் அது வெண்புள்ளியாகத் தெரியும். நாணயத்தால் தட்டினால் பழைய மந்த ஒலியே கேட்கும்.

போல்ட் துளைகளை நேரடியாகத் துளைக்காமல், முதலில் பெரிதாகத் துளைத்து எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் துளைப்பது என் வழக்கம். போல்ட்டின் அடியில் சாதாரண வாஷருக்குப் பதிலாக அகலமான அலுமினியத் தகடு வைக்கலாம். இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் தடைப்பசை பூச வேண்டும்.

6. சஸ்பென்ஷனும் சக்கரங்களும்

பாடி உறுதியானதும் இது விரைவாக முடியும் பகுதி. விஷ்போன் புஷ்களையும் பின் ஊசல் அச்சின் மூட்டையும் புதிதாக மாற்றி, சுருள்வில் டேம்பர்களில் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள மூட்டுகளை, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதன் வயதைப் படியுங்கள். 2000-க்குப் பிந்தைய டயரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கிலக்கம் இல்லாத டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்கே உரியது.

7. பிரேக்

எல்லாச் சக்கரங்களிலும் கர்லிங் ஹைட்ராலிக் டிரம் பிரேக்குகள் உள்ளன. அந்தக் காலத்து முறைப்படி எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஓர் இடத்தில் கசிந்தால் பெடல் முழுவதும் தரைக்குப் போகும். ஆகவே இங்கே ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் ஆகிய மூன்றும் புதிதாக அல்லது முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. சக்கரம் சூடேறிய பின்புதான் அது தெரியும்.

ரப்பர் பாகங்களை மாட்டும்போது ரப்பர் கிரீஸ் மட்டுமே பூச வேண்டும். சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ரப்பர் உப்பிப் பாழாகும். ஒயரிங்குக்குப் போவதற்கு முன் பெடலை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெல்லக் கீழிறங்குகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கைப்பிரேக் தனியாகவே காரை நிறுத்துகிறதா என்பதையும் தள்ளிப் பார்த்து உறுதிசெய்க.

8. ஒயரிங்

இரும்புக் காரில் பழகிய எலெக்ட்ரீஷியன்கள்கூட இந்தப் படியில் ஏமாறுகிறார்கள். இரும்பு பாடியில் விளக்குக்கு ஒரு ஒயர் போதும். மின்சாரம் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், துடைப்பான் மோட்டாருக்கும் தனியாக எர்த் ஒயர் வேண்டும்.

எர்த் அறுந்த விளக்கு முழுமையாக அணைந்துவிடுவதில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். மின்சாரம் அடுத்த விளக்கின் வழியாகத் திரும்ப வழி தேடும். இடப்புறச் சைகை விளக்கைப் போட்டால் பின்விளக்கு மங்கலாகத் துடிக்கிறது என்றால் பல்பையோ ஸ்விட்சையோ மாற்ற வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள்.

எக்செல்சியர் எஞ்சின் உள்ள கார்களில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றே: கிராங்கின் முனையில் அமர்ந்த சீபா டைனாஸ்டார்ட். தொடங்கும் நேரத்தில் அது இழுக்கும் பெரிய மின்னோட்டம் எஞ்சின் உடல் வழியாகவே திரும்ப வேண்டும். எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள தடித்த எர்த் பட்டை தளர்ந்திருந்தால், அந்த மின்னோட்டம் எஞ்சினைத் தொடும் வேறு எந்த உலோகத்தின் வழியாகவும் போகும். என் காரில் அது ஆக்ஸிலரேட்டர் கேபிளாக இருந்தது. இரண்டாவது முறை சாவியைத் திருப்பியபோது காலடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை எழுந்தது. குனிந்து பார்த்தால் கேபிளின் உறை உருகி, உள்ளிருந்த கம்பிச் சுருள் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. அன்று முதல் வேறு எந்த ஒயரையும் தொடுவதற்கு முன் எர்த் பட்டையைப் புதிதாக மாட்டுகிறேன்.

பேட்டரியை இணைக்கும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த். உங்கள் கார் எந்த வகை என்பதை ரெகுலேட்டரையும் பழைய இணைப்புகளையும் கையேட்டோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

9. பெட்ரோல் தொட்டியும் கார்பரேட்டரும்

தொட்டியை வெளியே எடுத்து, உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த பெட்ரோலில் கலந்திருந்த ஆயில் அடியில் தேன்போலக் கெட்டியாகப் படிந்திருக்கும். அதன்மேல் புதிய பெட்ரோலை ஊற்றினால் அது கரைந்து முதலில் அடைப்பது கார்பரேட்டரின் ஜெட்டை. ஜெட் பாதி அடைபட்டால் கலவையில் பெட்ரோலும் குறையும், அதோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண 95 பெட்ரோல் இ10 வகை, அதாவது 10 விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பரையும் பழைய பிசினையும் எத்தனால் தின்னும். சூப்பர் வகை இ5 பெட்ரோலையே போடுங்கள்; குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

எஸ்இ492-இல் மூன்று அமல் கார்பரேட்டர்கள். காற்று வழியைத் திறக்கும் மூன்று ஸ்லைடுகளும் ஒரே நொடியில் எழ வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றி, மூன்று வாய்களிலும் ஒரே தடிப்புள்ள டிரில் பிட்டுகளை ஸ்லைடின் அடியில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது மூன்றும் சேர்ந்து விழுகின்றனவா என்று பார்ப்பதே எளிய முறை.

10. எஞ்சின்

இங்கே இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். என்ஃபீல்டு எஞ்சினுக்கு ஆயில் வழியைச் சுத்தம் செய்வதே முதல் வேலை. மற்றவை வழக்கமான நான்கு ஸ்ட்ரோக் ஒழுங்குதான்.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய ஆயிலை ஊற்றி, ஒரு நாள் ஊறிய பின் கையால் கிராங்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் நீண்ட ஸ்பானரால் வலிந்து திருப்பவோ, டைனாஸ்டார்ட்டை அழுத்தவோ, கியரில் போட்டுக் காரைத் தள்ளவோ கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரின் துளை வாயில் சிக்கியிருந்தால் அப்படியே முறியும். ஹெட்டைக் கழற்றி, ஊறவைத்து, ஒரு வாரம் காத்திருப்பதே மலிவான வழி.

சுற்றுகிறது என்பதால் மட்டும் எஞ்சினை ஏற்றிவிடக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் ஒரு பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி அறை உண்டு; அறைகளை ஆயில் சீல்கள் பிரிக்கின்றன. பல்லாண்டு கிடந்த சீல் இறுகிச் சுருங்கியிருக்கும். வெளிச் சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலியும். இடைச் சீல் கசிந்தால் ஒரு சிலிண்டர் மற்றதன் மூச்சைத் திருடும். கார்பரேட்டரை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. புதியவர்கள் அதிக நேரத்தை வீணடிப்பது இங்கேதான்.

எனவே கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, கைப்பம்பால் 5 அல்லது 6 பிஎஸ்ஐ அழுத்தம் மட்டும் ஏற்றி, சோப்பு நீர் தெளித்துப் பார்க்கிறேன். சில நிமிடங்களில் முள் கண்ணெதிரே இறங்கினால் கிராங்கைப் பிரித்து எல்லாச் சீல்களையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே.

டைமிங்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே வைக்க வேண்டும். எக்செல்சியர் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட்டும் தனிக் காயிலும் உண்டு; ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாக ஒத்துவராது. முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங், ஏனெனில் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் நகரும். பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு முன்பாகப் பாயிண்ட் திறக்கிறது என்பதைப் பிளக் துளையில் வைத்த அளவியாலும், சிறு பல்ப் ஒன்றாலும் பிடிக்கலாம்.

டாலிஸ்மன் போன்ற எஞ்சினில் டைமிங் அளவுக்கு மீறி முந்தியிருந்தால், அது பின்னோக்கிச் சுற்றித் தொடங்கவும் கூடும். அதன் துளைகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. முதல் கியர் போட்டதும் கார் பின்னால் நகர்ந்தால் கியர்பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம்.

11. செயினும் கிளட்ச்சும்

எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு செயின், அங்கிருந்து முன் சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியலுக்கு மற்றொன்று. கியர்பெட்டி மோட்டார் சைக்கிள் வகை. பாடியை முதலில் பிணைக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும்: ஸ்ப்ராக்கெட்டுகளின் முகத்தில் நேர்கோல் வைத்தால் இடைவெளியின்றி உட்கார வேண்டும்.

செயினின் தளர்வை ஓரிடத்தில் மட்டும் அளக்கக் கூடாது. செயின் சீராகத் தேய்வதில்லை. முழுச் சுற்றும் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். எஞ்சின் செயினுக்கு அந்த இடத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆட்டம் வைக்கிறேன். தளர்வான இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது பேரிங் தாங்காது.

முதலில் எஞ்சின் செயின், பிறகு மற்றது. கியர்பெட்டியை நகர்த்தினால் இரண்டின் தளர்வும் மாறும் என்பதே காரணம்.

கிடந்த காரில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செயின் மூடியைத் திறந்து தட்டுகளைப் பிரித்துச் சுத்தம் செய்த பின், குறித்த அளவுக்கு மேல் ஆயில் ஊற்றாமல் மூடவும்.

12. முதல் உறுமல்

பெட்ரோலும் ஆயிலும் தனிக் கேனில் கலந்தே தொட்டியில் ஊற்ற வேண்டும். பழுதுபார்த்த எஞ்சினுக்கு நான் 20:1 வைக்கிறேன்: 5 லிட்டருக்கு 250 மில்லி. தொட்டிக்குள் நேரடியாக ஆயிலை ஊற்றினால் அது அடியில் தங்கி, தொடக்கத்தில் புகையையும் பின்னர் பட்டினியையும் தரும்.

முழுதாக ஏற்றிய நல்ல பேட்டரி வேண்டும். டைனாஸ்டார்ட்டும் காயில்களும் ஒரே பேட்டரியை நம்பியிருப்பதால், பேட்டரி தளர்ந்தால் எஞ்சின் மெல்லச் சுற்றும், பொறியும் மங்கும். பழுது எஞ்சினில் என்று தோன்றும்.

ஓடத் தொடங்கியதும் நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம். எஞ்சின் காற்றால் குளிர்வது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் நடுச் சிலிண்டருக்கு இருபுறமும் சூடான அண்டை வீடுகள். இரண்டு நிமிடம் போதும். அதன் பிறகு எல்லா எர்த் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். சூடான இணைப்பு தளர்ந்த இணைப்பு.

13. முதல் 100 மைல்

காப்பீடும், வரிக்கட்டணம் இல்லாவிட்டாலும் வரிப் பதிவும் முடிந்திருக்க வேண்டும். விலக்கு இருந்தாலும் ஒருமுறை எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோவதையே பரிந்துரைப்பேன். பிரேக் வேலையை நம்மைத் தவிர இன்னொருவர் பார்ப்பது நல்லது.

இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இங்கே ஆபத்து. பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்று, வேகமாகச் சுற்றும் பிஸ்டன் வறண்டுபோகும். நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்துக, அல்லது கிளட்ச்சைப் பிடித்துக்கொள்க. எஞ்சினின் ஓசை திடீரென இறுகினால் யோசிக்காமல் கிளட்ச்சை அழுத்த வேண்டும்.

10 மைலில் சக்கர நட்டுகள், 25 மைலில் எஞ்சின் தாங்கிகளும் ஹெட் நட்டுகளும், 50 மைலில் இரண்டு செயின்களும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். பிளக்குகளை எந்தச் சிலிண்டருடையது என்று குறித்தே கழற்றுக. ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அந்தச் சிலிண்டரின் சீலையும் ஜெட்டையும் சோதிக்கும்வரை காரை வெளியே எடுக்கக் கூடாது.

100 மைல் ஆனதும் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, கதவின் இடைவெளியை மறுபடியும் அளந்து, முதல் நாள் டேப்பில் எழுதிய எண்களோடு ஒப்பிடுக. இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவு ஒன்றாகவே இருந்தால் டேப்பை உரித்துவிடலாம்.